லீசுக்கு விடுபவர் வீட்டுக்காரர் இல்லை என்றால்

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். மூன்று வருடமாக அதில் வாடகைக்கு இருப்பவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறார். “8 லட்சம் லீஸ் கொடுங்கள், 2 வருடம் வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது பணத்தை முழுசாகத் திருப்பித் தருகிறேன்” என்கிறார். ஓனர் துபாயில் இருக்கிறாராம், போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டாராம். தன்னுடைய வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்க ஜெராக்ஸைக் காட்டினார். அவர் ஓனருக்குக் கொடுக்கும் வாடகை மாதம் 18,000. ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். நோட்டரி முன்னால் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். இது சட்டப்படி செல்லுமா? கையெழுத்துப் போடும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், ஞாயிற்றுக்கிழமை அந்த 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வீடு கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்களிடம் 8 லட்சம் வாங்கும் உரிமை அவருக்கு இருப்பதாக எதுவும் காட்டவில்லை.

சட்டத்துக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் வாடகை கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஓனருக்கு மாதம் 18,000 போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதை யார் கொடுப்பார்? உங்கள் 8 லட்சத்தை அவர் அப்படியே 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலும் வருடத்துக்கு 56,000தான் வரும், மாதம் 4,700 ரூபாய்கூட இல்லை. மீதி 13,000 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு மாதமும் அவர் சம்பளத்திலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் உங்கள் பணத்திலிருந்தே எடுக்க வேண்டும். 24 மாதத்தில் இந்தப் பள்ளம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். தான் குடியிருக்காத வீட்டுக்காக ஒருவர் எதற்கு மூன்று லட்சம் இழக்க வேண்டும்? அவருக்கு இப்போது கையில் மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் இந்த வகை மோசடி புதிதல்ல. ஓனரிடம் வாடகைக்கு எடுப்பது, அதே வீட்டை வேறொருவருக்கு லீசுக்கு விடுவது, சில மாதம் ஓனருக்கு ஒழுங்காக வாடகை கட்டுவது, அப்புறம் போனை அணைத்துவிடுவது. ‘வீட்டுப் பராமரிப்பு நிறுவனம்’ என்று போர்டு வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பல வீடுகளில் இப்படிச் செய்தவர்களும் உண்டு. இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள்தான். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் நகையை அடகு வைத்ததையும் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத ஓனர் ஒருநாள் வாசலில் வந்து நின்று “நீங்கள் யார்?” என்று கேட்டபோதுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது. ஓனர்மேலும் தப்பில்லை, அவருக்கும் வாடகை வரவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் நகர்ப்பகுதிகளில் வாடகை வீடுகளுக்கு 2017-இல் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் வீட்டை, அல்லது அதில் ஒரு பகுதியை, உள்வாடகைக்கு விட முடியாது. மீறி விட்டால் அதுவே அவரைக் காலி செய்ய வைக்கப் போதுமான காரணம். இதற்கு முன்பிருந்த 1960-ஆம் வருடச் சட்டத்திலும் அனுமதியில்லாத உள்வாடகை காலி செய்ய வைக்கும் காரணமாகத்தான் இருந்தது. “என் ஒப்பந்தத்தில் உள்வாடகை கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையே” என்று சிலர் வாதிடுவார்கள். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் படித்துவிட்டு வருகிற வாதம் அது. சென்னைக்குள் இருக்கும் வீட்டுக்கு 2017 சட்டம் வந்த பிறகு அதை நம்பிப் பணம் போடாதீர்கள். போனில் சொன்ன சம்மதமும் எழுத்தாகாது. வாட்ஸ்அப்பில் வந்த ‘ஓகே’யை நம்பியும் நான் யாரையும் 8 லட்சம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

அடுத்து இந்த ‘லீஸ்’ என்ற வார்த்தை. நம் ஊரில் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பதைத்தான் லீஸ் என்கிறோம். ஒத்தி, போக்கியம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். முறையாக எழுதினால் அது சொத்தின்மேல் ஓர் அடமானம். அடமானம் என்றால் சொத்துக்குச் சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டு, சாட்சி இரண்டு பேருடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அடுத்தவர் வீட்டை அடமானம் வைக்க முடியாது, அவ்வளவுதான். இது அடமானம் இல்லை, வெறும் குத்தகை என்று அவர் சொன்னாலும், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும். நோட்டரி என்ன செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் முன்னால் கையெழுத்துப் போட்டது இன்னார் என்று சான்று தருகிறார். கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வீட்டின்மேல் உரிமை இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை.

இனி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். அவருடைய வாடகை ஒப்பந்தத்தில் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். முதல் பக்கத்தில் பெயரும் முகவரியும்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. சென்னையில் டைப் அடித்துத் தரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் “உள்வாடகைக்கு விடக் கூடாது” என்று ஒரு வரி இருக்கும். முதல் பக்கத்தோடு அவர் நிறுத்திக்கொண்டதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். தேதியையும் பாருங்கள். மூன்று வருடமாக இருக்கிறார் என்கிறீர்கள். வழக்கம்போல 11 மாத ஒப்பந்தமாக இருந்து அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், காலாவதியான காகிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு 2 வருடம் எழுதித் தருகிறார் என்று அர்த்தம். தன் கையில் மூன்று மாதம் மிச்சமிருப்பவர் மூன்று மாதத்துக்கு மேல் யாருக்கும் தர முடியாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்தாரா, பதிவு எண் என்ன என்றும் கேளுங்கள். டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் செய்யும் பதிவு அது. பலர் இன்னும் பதிவதில்லை என்பது உண்மைதான், அதனால் எண் இல்லை என்பதை மட்டும் வைத்து அவரை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். எண் இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு.

அப்புறம் ஓனர் யார் என்பது. இதை அவரிடமிருந்து தெரிந்துகொள்ளாதீர்கள். அவர் கொடுக்கும் துபாய் நம்பரில் பேசுபவர் அவருடைய மச்சானாகக்கூட இருக்கலாம். அடுக்குமாடியின் அசோசியேஷன் செயலாளரைப் போய்ப் பாருங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் வசூலிப்பவர்களிடம் எந்த ஃபிளாட் யாருடையது, அவர் நம்பர் என்ன என்பது இருக்கும். எதிர்வீட்டிலும் விசாரியுங்கள். இது எந்த ஆவணத்தையும்விட வேகமாக உண்மையைக் கொண்டுவரும் என்பது என் அனுபவம்.

ஆவணத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது ஈசி. அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. பதிவுத்துறை இணையதளத்தில் ஈசியை நீங்களே வீட்டிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகமும் கிரயப் பத்திர எண்ணும் தெரிந்தால் தேடுவது சுலபம். ஃபிளாட்டுக்கு அதில் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்குரிய பங்கு, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வரும். அந்தப் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் ஓனர் என்று போட்டிருக்கும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். சொத்துவரி ரசீதையும் ஈபி கார்டையும் காட்டி உங்களைச் சமாதானப்படுத்தப் பார்ப்பார்கள். பழைய பில்டர் பெயரிலேயே ஈபி இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுகள் எத்தனையோ. அவை உரிமைக்கு ஆதாரம் அல்ல, பெயரை ஒத்துப் பார்க்க மட்டும் பயன்படும்.

ஈசியில் இன்னொன்றையும் தேடுங்கள், வங்கியிடம் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு. வீட்டுக்கடன் இருப்பது சாதாரண விஷயம், பயப்பட வேண்டாம். ஆனால் தவணை நின்றுபோயிருந்தால் 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி வங்கி நேராக வீட்டை எடுத்துக்கொள்ள வரலாம். அப்போது பதியாத காகிதத்தைக் காட்டி நீங்கள் அங்கே நிற்க முடியாது. அபார்ட்மென்ட் சுவரிலோ கதவிலோ வங்கி நோட்டீஸ் ஒட்டிய தடம் இருக்கிறதா என்றுகூடப் பாருங்கள்.

“ஓனர் எனக்குப் பவர் கொடுத்திருக்கிறார்” என்று அவர் சொல்லக்கூடும். தன் சார்பில் செயல்பட ஒருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்தான் பவர். அப்படியானால் அசலைப் பார்க்க வேண்டும். வாடகைக்கு அல்லது லீசுக்கு விடவும், பணம் வாங்கவும் அதில் தெளிவாக அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் செலுத்தியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் முக்கியம். அவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அதோடு முடிந்துவிடும்.

இவ்வளவையும் தாண்டி எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் விஷயத்தில் உள்வாடகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் நிரந்தரமாகப் பெங்களூர் போகிறார், திரும்பி வரப் போவதில்லை. பிறகு நடுவில் அவர் எதற்கு? அவர் காலி செய்யட்டும், ஓனர் அவருடைய அட்வான்ஸைத் திருப்பித் தரட்டும், நீங்கள் ஓனரோடு நேரடியாகப் புது ஒப்பந்தம் போட்டு மாத வாடகை கொடுங்கள். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. 18,000 வாடகைக்கு அது 54,000. எட்டு லட்சத்தை ஆபத்தில் வைப்பதற்குப் பதில் 54,000 ரூபாயில் அதே வீட்டில் குடியேறலாம். மீதியை வங்கியில் போட்டால் வரும் வட்டி வாடகையில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தாங்கும். லீசேதான் வேண்டும் என்றால் அதையும் ஓனரோடு, பதிவு செய்து போடுங்கள்.

உள்வாடகை நியாயமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆறு மாதம் வெளியூர் போய்த் திரும்பி வருகிறவர், ஃபிளாட்டில் ஓர் அறையை மட்டும் பகிர்ந்துகொள்ளும் பேச்சிலர்கள், ஓனரிடம் வீட்டை எடுத்துப் பலருக்கு அறை அறையாக விட்டு நடத்தும் கோ-லிவிங் நிறுவனங்கள். அங்கெல்லாம் ஓனர், வாடகைதாரர், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒரே ஒப்பந்தம் வேண்டும். எவ்வளவு காலம், உங்கள் அட்வான்ஸ் யாரிடம் இருக்கும், வாடகைதாரர் வாடகை கட்டத் தவறினால் உங்கள் நிலை என்ன என்ற மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். மூன்றாவது இல்லாத ஒப்பந்தங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பேச்சிலர்கள் குறைந்தபட்சம் தங்கள் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். பெயர் இல்லாதவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க ஓனரிடம் போக முடியாது. அரசு குவார்ட்டர்ஸ், வாரியம் ஒதுக்கிய குடியிருப்புகள் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். ஒதுக்கீடு பெற்றவர் அதை இன்னொருவருக்கு விடுவதே ஒதுக்கீட்டு நிபந்தனைக்கு விரோதம்.

பணம் எப்போது கொடுத்தாலும் வங்கி வழியாக, ஓனரின் கணக்குக்கு. ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. “பாதி கேஷா கொடுத்துடுங்க” என்று யார் கேட்டாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யும்போது சண்டை எதுவும் வேண்டாம். “வீடு பிடிச்சிருக்கு சார். ஓனரோட நேரடியா அக்ரிமென்ட் போட்டுக்கறோம், அசோசியேஷன்ல நம்பர் வாங்கிட்டோம்” என்று மட்டும் சொல்லுங்கள். நேர்மையான ஆளாக இருந்தால் அவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, ஓனரிடமிருந்து தன் அட்வான்ஸ் சீக்கிரம் திரும்பக் கிடைக்கும். “அதெல்லாம் வேண்டாம், ஓனர் டென்ஷன் ஆவார், வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று பதில் வந்தால், அந்த வேற பார்ட்டிக்கே போகட்டும். முடிந்தால் ஓனரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் அந்த வீட்டைப் பார்க்க வரும் குடும்பத்திடமும் அவர் இதே முதல் பக்க ஜெராக்ஸைத்தான் காட்டுவார்.