முட்டி வீங்கினால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. குடியாத்தத்தில் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். இரண்டு மாதமாக வலது முட்டி வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். ஊசி போட்டு நீரும் எடுத்தார்கள். தேய்மானத்துக்கு ஏன் வீக்கம் வருகிறது? எதிர்ப்பு சக்தி குறைந்ததுதான் காரணம் என்று உறவுக்காரர் ஒருவர் பொடி கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் முட்டியில் எதிர்ப்பு சக்திக்குக் குறைவே இல்லை. அது ஓயாமல் வேலை செய்வதால்தான் வீக்கம்.

தேய்மானம் என்றதும் செருப்பு தேய்வது போல நினைத்துக்கொள்கிறோம். செருப்பு தேயும், வீங்காது. முட்டி உயிருள்ளது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பிலிருந்து துணுக்குகள் உதிர்ந்து மூட்டு நீரில் விழுகின்றன. மூட்டின் உட்புறச் சவ்வில் மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பணுக்கள் உண்டு. குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. துணுக்குகள் வந்துகொண்டே இருந்தால், இந்த எதிர்ப்பணுக்கள் இன்டர்லூகின், டி.என்.எஃப். போன்ற ரசாயனங்களைச் சுரந்து மற்ற அணுக்களையும் உசுப்புகின்றன. சவ்வு தடித்து நீர் கோக்கிறது. அந்த ரசாயனங்கள் பட்டால் குருத்தெலும்பின் செல்களே தம்மைச் சுற்றியுள்ளதைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். மறுபடி துணுக்கு, மறுபடி வீக்கம். குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, சவ்வில் உண்டு. அதனால்தான் எக்ஸ்ரேயில் கொஞ்சமாகத் தெரியும் தேய்மானம்கூட சிலருக்குத் தாங்க முடியாமல் வலிக்கிறது.

அப்படியானால் இது முடக்குவாதமா என்று பயப்பட வேண்டாம். அதில் எதிர்ப்பணுக்கள் தாமாகவே மூட்டைத் தாக்குகின்றன. இங்கே அவை உதிர்ந்ததைக் கண்டு கிளம்புகின்றன. எடுத்த நீர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தேய்மான நீர் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக, பின்னால் நாளிதழை வைத்தால் எழுத்து தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். முடக்குவாத நீர் கலங்கலாக இருக்கும். காலையில் முட்டியின் இறுக்கம் அரை மணிக்குள் விட்டால் தேய்மானம் என்றே எண்ணலாம். ஒரு மணி நேரம் தாண்டினால், கைவிரல்களும் வீங்கினால், ரத்தப் பரிசோதனை அவசியம்.

சரி, இந்த அணுக்களை மருந்தால் அடக்கிவிடலாமே என்று தோன்றும். முடக்குவாதத்தில் நன்றாகக் கேட்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளைத் தேய்மானத்திலும் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. பலன் தருவது எடையும் தசையும்தான். உடம்புக் கொழுப்பும் இதே ரசாயனங்களைச் சுரக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையும்.

மடியில் முறத்தை வைத்துச் சம்மணமிட்டு நாள் முழுக்க உட்காருவது உங்கள் முட்டிக்கு ஆகாது. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, முறத்தை மேசையில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். இரவில் காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தி விடுங்கள். தினம் பத்துப் பதினைந்து முறை போதும். வலிக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு தடவலாம். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

பெயர் ஒட்டாத இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். நான்கு நாளில் வலி பறந்துவிடும், அப்புறம் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஒருவேளை வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.