மூன்று மாதக் குழந்தை பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவதே இல்லை. என்ன செய்யலாம்?

என் மகனும் மூன்று மாதத்தில் இப்படித்தான் இருந்தான். தூளியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் முடிந்து ரசத்துக்கு வருவதற்குள் சத்தம் கேட்கும்.

இதில் பாதித் தப்பு என்னுடையது. அவன் எழுந்திருக்கவே இல்லை, நான்தான் எழுப்பிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையின் தூக்கம் சுமார் 40, 50 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகப் போகும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் குழந்தை முனகும், முகத்தைச் சுளிக்கும், காலை உதைக்கும், சில சமயம் கண்ணைக்கூடப் பாதி திறக்கும். உடனே அத்தை, "புள்ள எந்திரிச்சிட்டான் பாரு" என்பார். நானும் ஓடிப்போய்த் தூக்குவேன். தூக்கியதும் நிஜமாகவே விழித்துக்கொள்வான்.

ஒரு நாள் கிரைண்டரில் உளுந்து வழித்துக்கொண்டிருந்தேன், முழங்கை வரை மாவு. முனகல் கேட்டது. கையைக் கழுவித் துடைத்துப் போவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். எட்டிப் பார்த்தால், முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மறுபடி தூங்கிப் போயிருந்தான். அன்று மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்! அதற்கப்புறம் முனகினால் பக்கத்தில் போய் நிற்பேன், கை வைக்க மாட்டேன். அழுகையாக மாறினால் மட்டும் தூக்குவேன். அழ விட்டுவிடுங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முனகல் வேறு, அழுகை வேறு. ஒரு வாரம் கவனித்தால் உங்கள் காதுக்கே பிடிபடும்.

மீதிப் பாதி, தூங்கப் போடும் நேரம். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளால் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். பால் குடிப்பது, துணி மாற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். கண்ணைக் கசக்கி அழும்வரை காத்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை தூங்குவதும் கஷ்டம், தூங்கினாலும் சீக்கிரம் எழுந்துவிடும். என் மகனுக்கு முதல் அடையாளம் புருவம் லேசாகச் சிவப்பது. அப்புறம் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிச் சுவரையே வெறிப்பான். அந்த நேரத்தில் உள்ளே கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் தூக்கம். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று விட்டால் போச்சு. கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் அவன் எழுந்த நேரத்தை எழுதி வைத்தேன். நான்கு நாளில் ஒழுங்கு தெரிந்துவிட்டது.

பால் விஷயத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடம் குடித்துவிட்டு மார்பிலேயே கண் சொருகினால் வயிறு பாதிதான் நிறைந்திருக்கும், அரை மணியில் பசி எழுப்பிவிடும். காது மடலையோ உள்ளங்காலையோ மெல்லத் தேய்த்து முழுதாகக் குடிக்க வையுங்கள். மதியத்துக்கு மட்டும் துணிக்குப் பதில் டயபர் போட்டேன், ஈரத்தில் எழுவது நின்றது.

முதல் மாதத்தில் பகலில் இருட்டு வேண்டாம், குழந்தைக்குப் பகல் எது ராத்திரி எது என்று பழக வேண்டும். மூன்று மாதத்தில் கதை வேறு. ஃபேன், ஜன்னல், பல்லி என எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பான். கணவர் மாலை போட்டபோது வாங்கிய கறுப்பு வேட்டியை ஜன்னலில் கட்டினோம். கடைத்திரையைவிட நன்றாகவே மறைத்தது. புழுக்கம் மட்டும் கூடாது. பிடரியைத் தொட்டால் வியர்வை பிசுபிசுக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

தூளி பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கருத்து. எங்கள் குழந்தை மருத்துவர், சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுவதுதான் பாதுகாப்பு, தலையணை வேண்டாம் என்றார். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குச் சிரமமாகலாம் என்பது அவர் கவலை. அத்தைக்கு இதில் ஏக வருத்தம். கடைசியில் தூளியில் ஆட்டிக் கண் அசந்ததும் பாயில் மெத்தை விரித்துக் கிடத்துவது என்று சமாதானமானோம். முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் கையை விரித்துத் திடுக்கிடுவான்.

கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவது இதெல்லாம் உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை, நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. எடை ஏறுகிறது, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறது, விழித்திருக்கும்போது சிரித்து விளையாடுகிறது என்றால் குட்டித் தூக்கமெல்லாம் இந்த வயதில் சகஜம்தான். இவற்றில் ஏதாவது குறைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஐந்தாவது மாதத்தில் மதியத் தூக்கம் தானாகவே ஒன்றரை மணி நேரம் ஆனது. சாயங்காலத் தூக்கம் மட்டும் அரை மணியைத் தாண்டவே இல்லை. அந்த நேரத்தில் அத்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார், எனக்கு ஒரு காபி குடிக்க நேரம் கிடைக்கும்.