தயிரில் உள்ள லாக்டோபாசில்லஸ் நோயை உண்டாக்குமா?

மதுரைப் பக்கத்து வீடுகளில் இரவு வெதுவெதுப்பான பாலில் உறைமோர் ஊற்றினால் விடிவதற்குள் தயிராகிவிடுகிறதே, அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களுள் ஒன்றுதான் லாக்டோபாசில்லஸ். பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும் இந்தக் கோல் வடிவ உயிரி, நம் வாயிலும் குடலிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் இயல்பாகவே வாழ்ந்து, தான் உண்டாக்கும் அமிலத்தால் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் செய்கிறது.

கண்மாய்த் தண்ணீர் மடை வழியே வந்தால் வயலுக்கு உயிர். கரை உடைந்து வீட்டுக்குள் புகுந்தால் அதே தண்ணீர்தான் சேதம். லாக்டோபாசில்லஸும் அப்படித்தான்: இருக்க வேண்டிய இடத்தைவிட்டு இரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதுபட்ட இதய வால்வில் ஒட்டிக்கொண்டால், இதய உட்சவ்வு அழற்சி என்னும் கடுமையான நோய் வரக்கூடும். பல் பிடுங்கும்போதோ, குடல் சுவர் புண்படும்போதோ அதற்கு வழி திறக்கலாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், மைய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கே பெரும்பாலும் இந்த ஆபத்து உண்டு.

மருத்துவர்களையே ஏமாற்றும் கிருமி இது. இரத்தப் பரிசோதனையில் தென்பட்டாலும் வெளியிலிருந்து கலந்த கலப்படம் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. மேலும், இதன் பல வகைகளுக்கு வான்கோமைசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது. பெனிசிலின் வகை மருந்துகளே பெரும்பாலும் கைகொடுக்கின்றன.

இதைப் படித்துவிட்டுத் தயிரைக் கண்டு அஞ்சுவது தவறான புரிதல்: பின்லாந்தில் 1990-களில் லாக்டோபாசில்லஸ் சேர்த்த உணவுகளின் பயன்பாடு வெகுவாகக் கூடியபோதும் இத்தகைய இரத்தத் தொற்றுகள் கூடவில்லை.