வெளிநாட்டுத் துணையைச் சேலத்துக்கு அழைத்து வர: வாசகர் கேள்விகள்

எல்லாரும் விசாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் பாதிக் கேள்விகளுக்கு விடை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. படித்துக்கொண்டே வாருங்கள், ஏன் என்று தெரியும்.

என் காதலி ஃபிலிப்பைன்ஸ் நாட்டவர். கல்யாணம் இப்போதைக்கு இல்லை. சேர்ந்து வாழ்வதற்கென்று விசா உண்டா? (ஆத்தூர்)

கிடையாது. கணவன், மனைவி என்ற உறவுக்குத்தான் இங்கே விசா. காதலி சுற்றுலா விசாவில் வந்து போகலாம், குடியிருக்க முடியாது. ஐந்து வருட இ-டூரிஸ்ட் விசா என்றதும் ஐந்து வருடம் தங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான நாட்டவர் ஒரு முறை வந்தால் தொடர்ந்து 90 நாள்தான் தங்கலாம். அவர் உங்கள் வீட்டிலேயே தங்கினாலும், வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்ற தகவலை (பழக்கத்தில் சி படிவம் என்பார்கள்) நீங்கள் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அது லாட்ஜ்காரர் வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சுகவனேஸ்வரர் கோயிலில் தாலி கட்டினால்தான் கல்யாணம் என்கிறார் அம்மா. பெண் கத்தோலிக்கர், போலந்து நாட்டவர். கோயில் ரசீதை வைத்து விசா வாங்க முடியுமா? (அஸ்தம்பட்டி)

அம்மா ஆசைப்படி கட்டுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். உங்கள் விஷயத்தில் கோயில் ரசீது போட்டோ ஆல்பத்துக்குத்தான் உதவும். உங்களுக்கான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

உங்கள் இருவரில் ஒருவராவது இந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். நீங்கள் அஸ்தம்பட்டிக்காரர் என்பதால் அந்தக் கவலை இல்லை. திருமணம் செய்யப் போகிறோம் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்ததும் அதை அங்கே ஒட்டுவார்கள். ஆட்சேபம் இல்லாமல் 30 நாள் கழிந்தால், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு திருமணத்தை முடிக்க வேண்டும். காலம் தாண்டினால் புது நோட்டீஸ்தான். பெண் தரப்பில் பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்று, தனக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். போலந்து மொழிச் சான்றுகளை அங்கேயே அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அரசு தரும் உறுதிச் சான்று) செய்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்தபிறகு ஒரு காகிதத்துக்காகத் தவிப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் கோயிலில் கட்டிவிட்டுப் பிறகு அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதியவும் முடியும். ஆனால் அதற்கு இருவருமே இந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், அறிவிப்புக்கான 30 நாளும் உண்டு. அவர் குறுகிய விசாவில் வந்தால் நாள் போதாமல் போகும். முதலில் நோட்டீஸ், அப்புறம் முகூர்த்தம்: இதுதான் என் யோசனை.

பதிவுத் திருமணம் ஆகிவிட்டது. மனைவி சுற்றுலா விசாவில் இருக்கிறார். ஊருக்குப் போகாமலே மாற்ற முடியுமா? (ஓமலூர்)

இந்தியக் குடிமகனின் மனைவிக்கு உரியது என்ட்ரி விசா, அதாவது எக்ஸ் விசா. தூதரகத்தில் வாங்கிய சாதாரணச் சுற்றுலா விசா என்றால், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளமான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் மாற்றக் கேட்கலாம். திருமணப் பதிவுச் சான்று, நீங்கள் எழுதித் தரும் பொறுப்பேற்புப் பத்திரம் ஆகியவை வேண்டும். இருவரும் ஒன்றாக வாழ்கிறீர்களா என்று விசாரிக்கவும் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இ-விசா என்றால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நீட்டிக்கவும் மாற்றவும் முடியாது என்றுதான் அது தரப்படுகிறது. கையில் காசு இருந்தால் அவர் ஊர் திரும்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எக்ஸ் விசா வாங்கி வருவதே எனக்குப் பிடித்த வழி. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து தங்குபவர் வந்த 14 நாளுக்குள் அதே இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் உண்டு. மகளும் ஜெர்மன் மருமகனும் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தை மருமகன் பெயரில் வாங்கலாமா? அவரே ஹோம்ஸ்டே நடத்தலாமா?

திருமணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்திருந்தால் மருமகன் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். அவரோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களாக இருந்திருக்கக் கூடாது. அட்டை கிடைத்தால் ஆயுள் முழுக்க வந்து போகலாம், பதிவுத் தொல்லை இல்லை, ஹோம்ஸ்டே தொழிலும் செய்யலாம். அதுவரை எக்ஸ் விசாவில் இருப்பவர் தொழிலில் இறங்க வேண்டாம்.

தோட்டம் மட்டும் அவர் பெயரில் வேண்டாம். ஓ.சி.ஐ. அட்டைதாரர் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் வாங்கக் கூடாது. காப்பியும் மிளகும் விளையும் இடம் தோட்டம்தான். தரகர் ‘எல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்பார், பிறகு வில்லங்கம் உங்களுக்கு. மகள் பெயரில் வாங்குங்கள். நாளைக்கு வாரிசாக அது மருமகனுக்கு வருவதில் தடை இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விவாகரத்து ஆனால், மனைவி வழியாக வந்த ஓ.சி.ஐ. ரத்தாகக் கூடும்.

நாங்கள் இருவரும் பெண்கள். அவள் கனடா நாட்டவள். (ஊர் வேண்டாமே)

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அதனால் மனைவி என்ற வழியில் எக்ஸ் விசா கேட்க இடமில்லை. வேலை விசா, மாணவர் விசா என்று அவர் தன் தகுதியில் வர வேண்டியதுதான். நியாயமா என்று கேட்டால், இல்லை.

எனக்கு ஆறாம் மாதம். கணவர் நைஜீரியர், விசா அடுத்த மாதம் முடிகிறது. குழந்தை பிறந்த பிறகு சேர்த்துப் புதுப்பிக்கலாமா? (சூரமங்கலம்)

வேண்டாம், இன்றைக்கே விண்ணப்பியுங்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். முறையாக வந்து, விசா முடிந்தும் தங்கியிருப்பவரும் சட்டத்தின் கணக்கில் சட்டவிரோதக் குடியேறிதான். அவருக்கு அபராதத்தோடு போய்விடும் என்று நினைக்கும் தாமதம் பிள்ளையின் குடியுரிமையில் போய் நிற்கும். விண்ணப்பம் போட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மலேசியக் கணவருக்கு இந்தியக் குடியுரிமையே வாங்கிவிடலாமா? (ஏற்காடு)

இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் கேட்கலாம். ஆனால் இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை, மலேசியப் பாஸ்போர்ட்டை விட வேண்டும். அங்கே சொத்தோ வயதான பெற்றோரோ இருந்தால் அவசரப்படாதீர்கள். ஓட்டுப் போடவும் தோட்டம் வாங்கவும் ஆசை இல்லையென்றால் ஓ.சி.ஐ. அட்டையே போதும்.