ஆட் பிளாக்கர் போட்டுப் படிப்பது திருட்டா?

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. என் தம்பி லேப்டாப்பில், இணைய விளம்பரங்களைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து நிம்மதியாகப் படிக்கிறேன். ஆனால் தினமும் பார்க்கும் ஒரு செய்தித் தளத்தில், "விளம்பரம்தான் எங்கள் வருமானம், தயவுசெய்து ஆட் பிளாக்கரை அணைத்துவிடுங்கள்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. என் கணவர், "நீ செய்வது திருட்டுதான், உழைக்கிறவன் வயிற்றில் அடிக்கிறாய்" என்கிறார். இத்தனைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாராவாரம் பத்திரிகைகளின் பிடிஎஃப் போடுவது அவர்தான். எல்லாவற்றுக்கும் சந்தா கட்ட என் சம்பளத்தில் முடியாது. நான் என்ன செய்வது?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்வது திருட்டு இல்லை. உங்கள் கணவர் வாட்ஸ்அப்பில் செய்வதுதான் திருட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உழைக்கிறவன் வயிறு என்று அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் தள்ளிவிடக் கூடாது. இன்னொன்று, இந்தப் பத்திரிகையும் விளம்பரத்திலும் சந்தாவிலும்தான் ஓடுகிறது, எனக்குச் சன்மானம் வருவதும் அதிலிருந்துதான். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

பேப்பரில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்தால் புரட்டிவிட்டுப் போகிறோம், அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. அந்த விளம்பரத்துக்கு நீங்கள் யாரென்றும் தெரியாது. இணையத்தில் கதையே வேறு. பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள் உங்கள் கண்ணில் படாமல் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. என்ன கருவி, எந்த ஊர்ப் பக்கம், என்ன படிக்கிறீர்கள், இதற்கு முன் எங்கெல்லாம் போய் எதைத் தேடினீர்கள் என்று திரட்டி வைத்த விவரமெல்லாம் ஏலத்தில் நிற்கும் பல கம்பெனிகளுக்குப் போகிறது, அதிக விலை கேட்டவரின் விளம்பரம் வந்து உட்கார்கிறது. தோற்றுப்போன கம்பெனிகளுக்கும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இதற்கெல்லாம் நீங்கள் எப்போது சம்மதம் கொடுத்தீர்கள்? ஒரு தலைப்பைத் தட்டினீர்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படி வரும் பணமாவது எழுதியவருக்குப் போகிறதா? பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, 2020-இல் பிடபிள்யூசி ஆடிட்டர்களை வைத்து இந்தப் பணம் போகும் வழியைத் தேடிப் பார்த்தது. விளம்பரதாரர் கொடுத்த 100 பவுண்டில் தளத்தின் கைக்கு வந்தது 51. இதுவும் பேர்போன பெரிய கம்பெனிகளின் கணக்கு. மீதியில் பெரும்பகுதி இடைத்தரகர்களுக்கு. 15 பவுண்டு எங்கே போனது என்று ஆடிட்டர்களுக்கே தெரியவில்லை. ஆக, "நீங்கள் விளம்பரம் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு" என்று தளம் சொல்லும்போது, பாதிச் சோற்றை வழியிலேயே வேறு யாரோ சாப்பிட்டுவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆபத்து. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி, எம்எஸ்என் போன்ற தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பினார்கள். அந்தத் தளங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, தங்கள் பக்கத்தில் எந்த விளம்பரம் ஓடுகிறது என்பதே அவர்கள் கையில் இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே பொதுமக்களை ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளச் சொன்னது. தேடுபொறியில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அதே நிறுவனம் போல வேஷம் போட்ட மோசடி விளம்பரம் முதலில் வந்து நிற்கிறது என்பது காரணம். உங்கள் மாமியாரோ மாமனாரோ போனில் "உங்கள் போனில் வைரஸ்" என்று பளிச்சிடும் பெட்டியைத் தட்டிவிட்டுக் கலங்கி நின்றிருந்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். மூலையில் கடுகளவு பெருக்கல் குறி இருக்கும், அதைத் தொடப்போனால் விரல் விளம்பரத்தின் மேல்தான் விழும். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்தது ஜெர்மனி. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பெரிய பத்திரிகைக் குழுமம் ஆட்பிளாக் பிளஸ் என்ற ஆட் பிளாக்கரை நடத்தும் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் அந்த நாட்டின் உச்ச அளவிலான சிவில் நீதிமன்றம், விளம்பரத்தைத் தடுக்கும் மென்பொருளில் தவறில்லை, தடுப்பதா வேண்டாமா என்பது வாசகர் முடிவு என்று சொல்லிவிட்டது. பதிப்புரிமையை வைத்துப் போட்ட இன்னொரு வழக்கு 2025-இல் மறுவிசாரணைக்குத் திரும்பியிருக்கிறது, ஆனால் அதுவும் கம்பெனிகளுக்கு இடையில் நடக்கும் சண்டை, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படிக்கும் ஆசிரியை மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

இப்போது உங்கள் கணவர் சொன்னதில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன்.

ஒரு நிருபர் ஆர்டிஐ மனு போட்டு 30 நாள் காத்திருந்து, பாதிப் பதில் வந்து, மேல்முறையீடு செய்து, கடைசியில் உங்கள் ஊர்க் குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று எழுதுகிறார். இன்னொரு தளத்தில் "அந்த நடிகை எடுத்த அதிரடி முடிவு! நடந்தது என்ன?" என்று தலைப்புப் போட்டு, உள்ளே எட்டு வரியில் ஒன்றுமே சொல்லாமல் முடிக்கிறார்கள். விளம்பரக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதுக்குத்தான் அதிகம் பேர் வருவார்கள், அதனால் அதற்குத்தான் அதிகப் பணம். தளங்களுக்கு விளம்பரம் தந்து அதில் பங்கு கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான், அதுவரை தமிழில் வலைப்பதிவு எழுதியவர்கள் பெரும்பாலும் கைக்காசைப் போட்டே எழுதினார்கள். விளம்பரம் வந்தால் நல்ல எழுத்துக்கு ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தோம். கிடைத்தது என்னவென்று தலைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் எல்லாத் தளத்திலும் ஆட் பிளாக்கரை அணைத்துவைப்பது எழுத்தாளருக்குச் செய்யும் உதவி என்று எனக்குத் தோன்றவில்லை. குடிநீர்க் குழாய்ச் செய்தியை எழுதியவருக்கு நீங்கள் நேராகக் காசு கொடுத்தால் அது அவருக்கு மட்டும் போகும். எது நிலைக்க வேண்டும் என்று நீங்கள் கையைக் காட்டிச் சொல்லும் ஒரே வழி அது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது செய்தியையும் மாற்றும். மூன்று பெரிய ஆங்கில நாளிதழ்க் குழுமங்களுக்கு மத்திய அரசு விளம்பரத்தை நிறுத்திவிட்டது என்று 2019 ஜூனில் எதிர்க்கட்சி மக்களவையிலேயே குற்றம் சாட்டியது. விளம்பரத்தை நம்பி நிற்கும் பத்திரிகைக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் தொடங்கிய நியூஸ்லாண்ட்ரி, அரசு விளம்பரமும் வேண்டாம், கார்ப்பரேட் விளம்பரமும் வேண்டாம், வாசகர் சந்தா போதும் என்று நிற்பது இதற்காகத்தான். எனக்கு அதில் பிடித்த விஷயம், முடிந்தவர்கள் கட்டும் சந்தாவில் முடியாதவர்களும் செய்தி படிக்கிறார்கள் என்பது. லண்டனின் கார்டியன் தளமும் கட்டுரைகளைப் பூட்டி வைக்காமல் வாசகர் தரும் பணத்தை நம்பி நடக்கிறது. ஆகவே "எல்லாவற்றுக்கும் கட்ட முடியவில்லையே" என்று நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம், உங்களிடம் யாரும் எல்லாவற்றையும் கேட்கவில்லை. எந்தத் தளம் நாளைக்கே மூடிவிட்டால் உங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும்? அந்த ஒன்றுக்குக் கட்டுங்கள். கை கொஞ்சம் தாராளமாக இருக்கும் வருஷத்தில் இன்னொன்று.

பிடிஎஃப் விஷயத்தைக் கணவரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்கும்போது, தளம் எல்லோருக்கும் திறந்து வைத்த பக்கத்தைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள், கூட வரும் உளவாளிகளை மட்டும் வாசலில் நிறுத்துகிறீர்கள். பிடிஎஃப் அப்படியில்லை. விலை போட்டு விற்கிற இதழ் அது, ஒருவர் வாங்கியதை 200 பேர் குரூப்பில் போட்டால் அந்த 200 பேரில் வாங்கக்கூடியவர்களும் வாங்க மாட்டார்கள். 2020 ஊரடங்கில் பேப்பர் வீட்டுக்கு வராமல் போனபோது இந்தப் பழக்கம் எங்கும் பரவியது. அந்த மே மாதமே தைனிக் ஜாக்ரன் என்ற இந்தி நாளிதழின் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதன் இ-பேப்பரைப் பகிர்ந்த டெலிகிராம் சேனல்களை நீக்கும்படி உத்தரவு வாங்கியது. கோர்ட் கிடக்கட்டும், தமிழில் வார இதழ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். காசில்லாமல் படிக்க வேண்டுமென்றால் கிளை நூலகம் இருக்கிறது. 1948-ஆம் வருஷப் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, அந்தப் பணத்தில் இதழ்களை விலை கொடுத்து வாங்கித்தான் அங்கே மேஜையில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே உட்கார்ந்து படிக்கும் பெரியவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை.

இனி லேப்டாப் வேலை. தம்பி எதைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஆட்பிளாக் பிளஸ் 2011-இலிருந்து சில விளம்பரங்களை "ஏற்கத்தக்கவை" என்று உள்ளே விடுகிறது, பெரிய கம்பெனிகள் அதற்குப் பணம் கட்டுகின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை. யூபிளாக் ஆரிஜின் என்ற இன்னொரு ஆட் பிளாக்கர் நன்கொடைகூட வாங்குவதில்லை, ஆனால் ஏறக்குறைய அதே பெயரில் வேறு மென்பொருள்கள் இருக்கின்றன, முழுப் பெயரையும் சரிபார்த்துப் போடச் சொல்லுங்கள். கூகுளின் குரோம் ப்ரௌசர் யூபிளாக் ஆரிஜினை நிறுத்திவிட்டது, பயர்பாக்ஸில் லேப்டாப்பிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனியே ப்ரௌசரையும் கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதும்.

அந்தப் பெட்டி வரும் தளத்தைப் பொறுத்தவரை, ஒரு வாரம் அதற்கு மட்டும் ஆட் பிளாக்கரிலிருந்து விலக்கு கொடுத்துப் பாருங்கள். விளம்பரம் ஓரமாக இருந்து உங்களைப் படிக்க விட்டால் அப்படியே இருக்கட்டும். வீடியோ தானாகக் கத்தினாலோ, போலி டவுன்லோடு பட்டன் வந்தாலோ மறுபடி தடுத்துவிட்டு, ஏன் தடுத்தீர்கள் என்று அவர்களுக்கு நாலு வரி மெயில் போடுங்கள், சந்தா இருந்தால் கட்டுகிறேன் என்றும் எழுதுங்கள். 2010-இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற அமெரிக்கத் தளம் தன் நிலைமையை வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னபோது நிறையப் பேர் விலக்கு கொடுத்தார்கள், சிலர் சந்தாவும் கட்டினார்கள். இரண்டு பக்கமும் பேசினால் நடக்கிறது.

சந்தா கட்டும்போது யுபிஐ ஆட்டோபே கேட்டால் தொகையையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள் என்பதையும் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டாமென்று தோன்றினால் தளத்தில் ரத்து பட்டனைத் தேடி அலைய வேண்டாம், உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் நிறுத்திக்கொள்ளலாம்.