கேள்வி நேரம்: ஊருக்கு வந்தால் திரும்பிப் போக வழி இருக்கிறதா?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்ச நாள் விடுப்பில் வந்துபோவது பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் நாளில் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் மகள் டல்லாஸில் எச்-1பி (அமெரிக்க வேலை அனுமதி) மூலம் இருக்கிறாள். விசா போன வருடமே முடிந்துவிட்டது. கம்பெனி வாங்கித் தந்த ஐ-797 ஒப்புதல் கடிதம் 2028 வரை இருக்கிறது. தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் வந்து, அப்படியே சென்னையில் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புதிய விசா) முடித்துக்கொண்டு போகலாம் என்கிறாள். நடக்குமா?
– ஒரு தாய், அல்சூர்

மூன்று வாரத்தில் நடக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். ஐ-797 இருந்தால் அங்கே வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக பாஸ்போர்ட்டில் நடப்பு விசா வேண்டும். முன்பு ட்ராப் பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை அநேகமாக எல்லாருக்கும் போய்விட்டது, நேர்காணலுக்கு நேரில்தான் போக வேண்டும். சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லி அதே மாதம் இன்னொரு அறிவிப்பும் வந்தது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அப்போது இந்தியாவில் டிசம்பரில் நேர்காணல் ஸ்லாட் வைத்திருந்த பலருக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

அதனால் முதலில் ஸ்லாட், பிறகு டிக்கெட். ஸ்லாட் எடுக்கும்போது கொடுக்கும் டிஎஸ்-160 (இணைய விசாப் படிவம்) எண்ணும் நேர்காணலுக்குக் கொண்டுபோகும் டிஎஸ்-160 எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தைத் திருத்திப் புதிதாக அனுப்பினால் எண் மாறிவிடும், ஸ்லாட் பதிவிலும் மாற்றுங்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐ-797 அசல், எல்சிஏ (அமெரிக்கத் தொழிலாளர் துறையின் சான்று) நகல், சமீபத்திய சம்பளச் சீட்டுகள், கம்பெனியின் புதிய கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். நேர்காணல் முடிந்து, இன்னும் ஆவணமோ பரிசீலனையோ தேவை என்கிற 221(ஜி) சீட்டு கொடுத்தால் அது இறுதி நிராகரிப்பு என்று பதற வேண்டாம். ஆனால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் பெங்களூரிலிருந்து வேலை பார்க்க விடுவார்களா, சம்பளம் வருமா என்பதைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கல்யாணம் முக்கியம்தான். மூன்று வார விடுப்பை நம்பி வேலையைப் பணயம் வைக்க வேண்டுமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

எச்-1பி மனுவுக்கான ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடும் புதிய மனுக்களுக்குத்தான் அது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மனுவில் வந்துபோகிற உங்கள் மகளுக்கு இல்லை.

அமெரிக்க விசா முடிந்திருந்தாலும் அங்கிருந்து கனடா போய்த் திரும்பலாம் என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். அதை நம்பலாமா?
– ஒரு வாசகர், வில்சன் கார்டன்

நம்பலாம், நிபந்தனைகளோடு. தானியங்கி மறுமதிப்பு என்கிற விதி அது. சட்ட எண் 22 சிஎஃப்ஆர் 41.112(டி). கனடா அல்லது மெக்சிகோவுக்கு மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு நடப்பில் இருக்க வேண்டும். போன இடத்தில் புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். வந்தது வந்தோம், ஸ்டாம்பிங்கும் கேட்டுப் பார்க்கலாம் என்று டொராண்டோவில் விண்ணப்பித்தால் சலுகை அத்தோடு போச்சு. விசா கிடைக்கும் வரை அமெரிக்காவுக்குள் போக முடியாது.

கனடாவுக்கு இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டும். நடப்பு அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்கு விசா வேண்டாம், ஆனால் காலாவதியான விசாவுக்கு அந்தச் சலுகை இல்லை. திரும்பும்போது விமான கவுன்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போகலாம். ஐ-94, ஐ-797 நகல்களோடு விதியின் அச்சுப் பிரதியையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அமெரிக்க எல்லைக் காவல் துறையின் தளத்தில் அந்தப் பக்கம் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகனுக்கு ஐ-94 2028 வரை வந்திருக்கிறது. பேரனுக்கு மட்டும் 2026 அக்டோபர் என்று போட்டிருக்கிறார்கள். தவறா?
– ஒரு தாத்தா, ஜெயநகர்

தவறில்லை. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிகவும் பயனுள்ளது இதுதான் என்று சொல்வோம். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி அதிகாரி தங்கும் அனுமதி கொடுப்பதில்லை. மனு 2028 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் முன்னால் முடிந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவார். பெரியவர்களின் இந்திய பாஸ்போர்ட் பத்து ஆண்டு, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐந்தே ஆண்டு. அதனால் ஒரே விமானத்தில் இறங்கிய குடும்பத்தில் குழந்தையின் ஐ-94 மட்டும் சுருங்கிவிடுகிறது. இப்போது அது காகிதத்தில் வருவதில்லை, தளத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்பாவின் தேதியைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் அதுதான் என்று இருந்துவிடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் மட்டும் ஐ-94 தேதி தானாக நீளாது. புதிய பாஸ்போர்ட்டோடு ஒருமுறை வெளியே போய் நுழைய வேண்டும், இல்லையென்றால் அக்டோபருக்கு முன்பே பேரனுக்கு எச்-4 நீட்டிப்பு போட வேண்டும். தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்து ஆண்டு நுழையத் தடை உண்டு. 18 வயது ஆகும்வரை இந்தக் கணக்கு குழந்தைகளுக்கு ஓடாது என்றாலும் அந்தஸ்து போய்விடும். விடுப்பில் வரும்போது லால்பாக் அல்லது மாரத்தஹள்ளி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் புதுப்பிப்பதானால் அமெரிக்க விசா இருக்கும் பக்கம் சேதமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசா நடப்பில் இருந்தால் பழையது, புதியது இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுபோகலாம்.

மகன் டோக்கியோவில் இருக்கிறான். இரண்டு மாதம் வருகிறான். மறுநுழைவு அனுமதி எடுக்கணுமா?
– ஒரு வாசகி, இந்திரா நகர்

ஓராண்டுக்குள் திரும்புவதானால் வேண்டாம். 2012 ஜூலை முதல், பாஸ்போர்ட்டும் வசிப்பிட அட்டையும் உள்ளவர்களுக்குச் சிறப்பு மறுநுழைவு அனுமதி போதும். விமான நிலையத்தில் தரும் சிறிய புறப்பாட்டுச் சீட்டில் திரும்பி வருவதற்கான கட்டத்தில் டிக் அடித்து, அட்டையையும் காட்ட வேண்டும். டிக் விட்டுப்போனால் ஒரேயடியாகக் கிளம்புவதாக எடுத்துக்கொண்டு அட்டையில் துளை போட்டுவிடுவார்கள், வசிப்பிட அனுமதியே போய்விடும். அட்டை ஓராண்டுக்கு முன்பே முடிவதானால் அந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும். இந்தச் சலுகையை வெளியில் இருந்தபடி நீட்டிக்க முடியாது.

லண்டனில் இருக்கும் தங்கை விசா நீட்டிப்புக்குப் போட்டிருக்கிறாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரலாமா?
– ஒரு வாசகர், சிவாஜி நகர்

முடிவு வருவதற்குள் பிரிட்டனை விட்டுப் பறந்தால் விண்ணப்பத்தைத் தானாகத் திரும்பப் பெற்றதாகவே கொள்வார்கள். அயர்லாந்து போன்ற பொதுப் பயணப் பகுதிக்குள் போவது மட்டும் இதில் சேராது. அவசரமானால் தங்கையைக் கம்பெனி வழக்கறிஞரிடம் பேசிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். இங்கிருந்து மறுபடி விண்ணப்பித்துத்தான் போக வேண்டிவரலாம், பழைய விசா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு.

குவைத்தில் டிரைவராக இருக்கும் தம்பியை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். விசா எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
– ஒரு அண்ணன், ஸ்ரீராமபுரம்

தனியார் நிறுவனத்தில், அதாவது 18-ஆம் பிரிவில் இருப்பவரானால் 2025 ஜூலை 1 முதல் வெளியேறும் அனுமதி கட்டாயம். குவைத் அரசின் சாஹெல் செயலியில் விண்ணப்பித்தால் முதலாளி ஒப்புதல் தர வேண்டும். டிக்கெட்டுக்கு முன்பே அதை வாங்கச் சொல்லுங்கள். போனவர் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அமீரகத்தில் இருக்கும் உறவினருக்கும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அங்கே வெளியேறும் அனுமதி கிடையாது. தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியில் இருந்தால் வசிப்பிட விசா செல்லாது, நீண்டகால கோல்டன் விசாவுக்கு விலக்கு உண்டு.