சாப்பிட்ட பிறகும் பசி அடங்காதது ஏன்?

இரவில் ஏழெட்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பதாகவும், பசி அடங்காமல் மறுபடி போட்டுக்கொள்வதாகவும், அரை மணி கழித்து வயிறு கனப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இரைப்பை விரிந்ததும், அதை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்லிவிடும். ஆனால் அது பாதிச் செய்திதான். கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகுதான் 'போதும்' என்று சொல்லும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரைப்பை காலியாவதையும் அது மெதுவாக்கும். அதேபோல் 'போதும்' என்று சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் இரண்டும் பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வருபவை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் அளவு இறங்கவும் நேரம் பிடிக்கும். எல்லாம் கூடிவர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நீங்கள் அதற்குள் இரண்டாம் தட்டையே முடித்துவிடுகிறீர்கள்.

முதல் தட்டு முடிந்ததும் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். சுண்டல், முட்டை, காய் எதுவானாலும் அதை முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் சோறு. மதியம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் உட்கார்ந்தால் இதெல்லாம் செய்வது கஷ்டம், அதையும் கவனியுங்கள்.

இவ்வளவுக்கும் பசி அடங்காமல், எடை குறைந்து தாகமும் கூடினால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்ச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.